சீமாட்டி நடந்தே வந்தாள்

டிரைவர் மாமாவுக்குக் குதிரையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதற்கு நாலு கால், ஒரு வால் என்பதுதான். உத்தியோக காலம் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிற வருகிற வண்டிகளுக்கெல்லாம் தன் காலால் பிரேக் போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் சின்னவர் பெரியவர் அத்தனை பேருக்கும் அவர் டிரைவர் மாமாதான்.

குதிரைப் பைத்தியம் பிடித்தது அவருடைய மகனுக்கு. படித்தது ஒன்று, பார்த்த வேலை இன்னொன்று, கடைசியில் வந்து நின்றது ஊர் எல்லையில் வாடகைக்கு எடுத்த ஒரு மைதானத்தில். அங்கே மூன்று குதிரைகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தான். கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண்ணே அவருக்கு மருமகளாகவும் வந்து சேர்ந்தாள். வினை அதில்தான் ஆரம்பித்தது.

அந்தப் பெண் மருந்தாளுநர் படிப்பை முடித்தவள். அவளுடைய அம்மா கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருந்தார். ஒற்றை ஆளாக நின்று கட்டிய கடை. மகள் படிப்பு முடித்ததும் வந்து கடையில் உட்காருவாள், தான் கொஞ்சம் காலை நீட்டலாம் என்று அவர் காத்திருந்தபோது, மகள் லாயத்தில் குதிரை லத்தி அள்ளப் போய்விட்டாள். சம்பந்தியம்மா கல்யாணத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அதன்பின் அந்த மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மகளைப் பார்க்க வீட்டுக்கு வருவார். டிரைவர் மாமாவைக் கண்டால் ஒரு தலையசைப்பு. 'எல்லாம் உங்க பிள்ளையாலதான்' என்று அந்தத் தலையசைப்பில் எழுதி ஒட்டியிருக்கும். எலியும் பூனையும் என்றும் அவர்களைச் சொல்ல முடியாது. எலிக்கும் பூனைக்கும் போக்குவரத்தாவது உண்டு.

குதிரையேற்றப் பள்ளியில் பிள்ளைகள் சேரச் சேர மூன்று குதிரைகள் போதவில்லை. தொலைவில் ஒரு லாயக்காரர் தொழிலை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போகிறார் என்று கேள்விப்பட்டு, மகனும் மருமகளும் போய்ப் பார்த்து, ஒரு பெண்குதிரையையும் ஒரு இளம் ஆண்குதிரையையும் பேசி முடித்துவிட்டு வந்தார்கள். கூட்டி வருவதுதான் பாக்கி. கிளம்ப வேண்டியதற்கு முந்தின நாள், இருக்கிற குதிரைகளில் மூத்தது, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், மகனுடைய பாதத்தின் மேல் காலை வைத்துவிட்டது. பாதம் பூசணிக்காயாக வீங்கிக் கட்டுப் போட்டாயிற்று. லாயக்காரரோ மறுநாளோடு இடத்தைக் காலி செய்கிறார்.

மருமகள் தானே போவதாகச் சொன்னாள். அவளுக்கு ஏழாம் மாதம். செய்தி எப்படியோ கடைவீதிக்கு எட்டி, மறுநாள் விடிந்ததும் சம்பந்தியம்மா வீட்டு வாசலில் நின்றார்.

"வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு முன்னப்பின்ன தெரியாத குதிரைகிட்ட போவியா? நீ ஒண்ணும் போக வேணாம். நான் போறேன்."

குதிரை என்ற சொல்லையே வீட்டில் காதில் வாங்காதவர். மருமகள்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு, வண்டி ஓட்ட ஆள் வேண்டுமே என்றாள். உடனே எல்லாருடைய கண்ணும் நாற்காலியில் இருந்தவர் பக்கம் திரும்பியது. டிரைவர் மாமா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். பயன் இல்லை.

ஜீப்பின் பின்னால் குதிரை ஏற்றுகிற டிரெய்லரைப் பூட்டுவது எப்படி, உள்ளே கயிற்றை எங்கே முடிச்சுப் போடுவது என்று மகன் ஒற்றைக் காலில் நின்று சொல்லிக்கொடுத்தான். மருமகள் அம்மாவைத் தனியாக அழைத்து, குதிரைக்குப் பின்னால் நிற்காதே, தோள் பக்கமாக நில், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே என்றெல்லாம் சொன்னாள். சம்பந்தியம்மா வைத்தியர் சீட்டைப் படிக்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டார். கேரட் எத்தனை வேளை கொடுக்கலாம் என்று மட்டும் கேட்டார். கையோடு கொண்டுவந்திருந்த கேரட்டை ஏற்கெனவே விரல் நீளத்துக்கு நறுக்கி, மாத்திரை போட்டுக் கொடுக்கிற காகித உறைகளில் பிரித்துப் போட்டிருந்தார்.

போகிற வழி முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேசியதெல்லாம் காலி டிரெய்லர்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் பாத்திரக்கடையை உருட்டிவிட்ட மாதிரி சத்தம். சம்பந்தியம்மா கைப்பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு, லாரி முந்தும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். வெயில் இன்றைக்கு அதிகம் என்று டிரைவர் மாமா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ஆமாம் என்று பதில் வந்தது. அதோடு வெயிலும் தீர்ந்துபோனது.

லாயத்தின் முற்றத்துக்குள் நுழைந்ததும் டிரெய்லரைப் பின்னோக்கி எடுத்து லாயக் கதவருகே நிறுத்தவேண்டியிருந்தது. டிரைவர் மாமாவுக்கு அப்போதுதான் முகத்தில் களை வந்தது. எத்தனையோ சந்துகளில் பேருந்தையே ரிவர்ஸ் எடுத்தவர். "இது என்ன, ஜுஜுபி" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். டிரெய்லர் நேர் எதிர்ப்பக்கம் போனது. சரி என்று மாற்றித் திருப்பினார். அது அதற்கும் எதிராகப் போய், ஜீப்பும் டிரெய்லரும் சண்டைபோட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி குறுக்கே நின்றன. சம்பந்தியம்மா இறங்கிப் பின்னால் நின்று கைகாட்டினார். அவருடைய இடதுகை எல்லாம் இவருக்கு வலதுகையாகத் தெரிந்தது. ஒரு தண்ணீர்த் தொட்டி தப்பித்தது அந்தத் தொட்டியின் நல்ல காலம். கடைசியில் லாயக்காரரே வந்து, "விடுங்க ஐயா, வண்டி அங்கேயே நிக்கட்டும். குதிரைக்குக் கால் இருக்கு, அது வரும்" என்றார்.

லாயக்காரர் ஒல்லியான மனிதர். சட்டையில் இரண்டு பொத்தான்கள் இல்லை. ஏன் இல்லை என்பது இளங்குதிரையை வெளியே கொண்டுவந்ததும் தெரிந்துவிட்டது. பழுப்பு நிறம், நெற்றியில் விரலால் தொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளை. வந்ததும் வராததுமாக அவருடைய மூன்றாவது பொத்தானைத் தேடியது. அதற்குப் பெயர் பொடியன் என்றார். பின்னால் வந்தது சாம்பல் நிறப் பெண்குதிரை. நல்ல உயரம், வெள்ளை இமைமுடி. தன் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களாகவே எழுந்துவிடுவார்கள் என்று பொறுமையாகக் காத்திருக்கிற பார்வை. அது சீமாட்டி. வேறு பெயர் அதற்குப் பொருந்தியிருக்காது.

பொடியன் ஒரு கேரட் துண்டுக்கு ஏறிவிட்டான். அவனுக்கு உலகமே தின்பண்டம். சீமாட்டி டிரெய்லரில் ஏறுவதற்கு இறக்கிவிட்டிருந்த சாய்பலகையில் ஒரு முன்னங்காலை வைத்து, உள்ளே எட்டிப் பார்த்து, காலை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். கேரட் காட்டினார்கள், வாங்கித் தின்றுவிட்டு அங்கேயே நின்றாள். கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள், மூச்சை ஒருதரம் விட்டுக்காட்டினாள். டிரைவர் மாமா பக்கவாட்டில் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். மலையைப் போய் முட்டின மாதிரி இருந்தது. லாயக்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. குட்டியாக வந்த நாளிலிருந்து இவள் எந்த வண்டியிலும் ஏறியதில்லை, ஏற்ற வேண்டிய தேவையும் வந்ததில்லை என்று தலையைச் சொறிந்தார். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. டிரைவர் மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தியம்மா இப்போது என்ன சொல்லப்போகிறாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

சம்பந்தியம்மா குதிரையைப் பார்க்கவில்லை. சாய்பலகையின் அடியில், குதிரை நின்ற இடத்திலேயே நின்று, டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள ஒரே கும்மிருட்டா இருக்கு, சம்பந்தி. இப்படி இருக்கிற பஸ்ஸுல நானே ஏற மாட்டேன்."

டிரைவர் மாமாவுக்கு அது சுருக்கென்றது. உண்மைதானே. விளக்குப் போடாத பேருந்தில் ஜனங்கள் படிக்கட்டிலேயே தயங்கி நிற்பதை அவர் பார்க்காததா. பேசாமல் போய் டிரெய்லரின் முன்பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்துவிட்டார். மேலே காற்று வருவதற்காக இருந்த பலகைகளை எல்லாம் தூக்கினார். பின்பு ஜீப்பைக் கொஞ்சம் முன்னால் எடுத்து ஒரு வட்டம் போட்டு, வெயில் நேராக உள்ளே விழுகிற மாதிரி நிறுத்தினார். முன்னோக்கி ஓட்டுவதில் அவரை யாரும் அசைக்க முடியாது. உள்ளே தரைப்பலகையும் வைக்கோலும் பொன்னாக ஒளிர்ந்தன. அதற்குள் சம்பந்தியம்மா யாரையும் கேட்காமல் முன்கதவு வழியாக உள்ளே ஏறி, காலியாக இருந்த பக்கத்தின் முன்னால் நின்றுகொண்டார். கையில் ஒரு காகித உறை.

"வா. நானும் இங்கதானே நிக்கிறேன்."

சீமாட்டி அவரை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தாள். ஒரு காலை வைத்தாள், அடுத்ததை வைத்தாள். பலகை முனகியது. நாலு காலும் உள்ளே போனபின் அவள் மூக்கை நீட்டிக் காகித உறையோடு சேர்த்து கேரட்டை வாங்கிக்கொண்டாள். டிரைவர் மாமா பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். போட்ட கையோடு, பழக்கதோஷம், டிரெய்லரின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி "போலாம், ரைட்" என்றார். உள்ளேயிருந்து சம்பந்தியம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சம்பந்தம் செய்துகொண்ட நாளிலிருந்து அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

புறப்படுமுன் லாயக்காரர் சன்னல் வழியாகக் கையை விட்டு இரண்டின் நெற்றியையும் தடவிக்கொடுத்தார். எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள், சொல்லிக்கொண்டு வர வேண்டாம் என்று டிரைவர் மாமா சொன்னார். வருவேன் ஐயா, அடுத்த வாரமே வருவேன் என்றார் அவர், பயமுறுத்துகிற மாதிரி.

திரும்பி வரும்போது ஜீப்பை ஓட்டியது வேறொரு ஆள் என்றே சம்பந்தியம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். காலையில் கடகடத்த வண்டி இப்போது தொட்டில் மாதிரி போனது. வளைவு வருவதற்கு எவ்வளவோ முன்பே வேகம் குறையும். பிரேக்கில் கால் வைத்ததே தெரியாது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தார்கள், அடித்துவிட்டுப் போங்கள் என்று இவர் ஓரமாக வழிவிட்டார். ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"நமக்குப் பிடிச்சுக்கக் கம்பி இருக்கு. அதுங்களுக்கு இல்லையே, சம்பந்தியம்மா. நின்னுக்கிட்டு வர்றவங்க மனசு தெரிஞ்சாத்தான் வண்டி ஓட்டணும்."

தன் பேருந்தில் நின்றபடி வந்த ஒருவரும் பிரேக் போட்டு விழுந்ததில்லை என்று அவர் சொன்னார். சொல்லும்போது அதில் பெருமை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. சம்பந்தியம்மா சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். லாரி முந்தியபோது கண்ணை மூடவில்லை. பிறகு, காலங்காலமாக உள்ளே கிடந்த ஒன்றை எடுத்து வைக்கிற மாதிரி கேட்டார்.

"உங்க பிள்ளை குதிரைன்னு கிளம்பினப்ப நீங்க ஏன் வேணாம்னு சொல்லல?"

"சொன்னேன். அவன் கேட்கல. எங்கப்பா என்னை வாத்தியாராகச் சொன்னாரு. நான் மட்டும் கேட்டேனா?"

சம்பந்தியம்மா கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தார். கொஞ்ச தூரம் போனபின், கடை வைக்கப் போகிறேன் என்று தான் சொன்னபோது வீட்டில் ஒருவரும் ஒரு வாரம் தன்னோடு பேசவில்லை என்றார். தொடர்ந்து அந்தக் கதை வந்தது, கடையின் முதல் நாள் ஒரே ஒரு தலைவலி மாத்திரை விற்ற கதை. அதையும் வாங்கியது தான்தான் என்று அவர் சொன்னபோது டிரைவர் மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சிரித்துவிட்டார்.

ஊருக்குள் நுழைந்து, வீடு வந்துவிட்டது என்று மூச்சு விடுகிற நேரத்தில் டிரெய்லரின் டயர் ஒன்று படாரென்று வெடித்தது. டிரைவர் மாமா பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வண்டியைத் தன் போக்கில் தளரவிட்டு, பூப்போல ஓரம் கட்டினார். நின்ற இடம் நல்ல இடம். ஒரு பக்கம் டயர் கடை, அதை ஒட்டி வண்டி கழுவுகிற இடம். ஆனால் மாற்று டயரைக் கழற்றிப் பார்த்தால் அதுவும் கிழிந்துபோயிருந்தது. போதாக்குறைக்கு வெடித்த சக்கரத்தின் விளிம்பு வளைந்துபோயிருந்தது. குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்த கதைதான், இதில் குதிரையின் தப்பு ஒன்றும் இல்லை என்பதைத் தவிர. சாயங்காலத்துக்குள் சரிபண்ணித் தருகிறேன், அதற்குமுன் முடியாது என்று டயர் கடைக்காரர் கையை விரித்தார்.

உள்ளே வெக்கை ஏறிக்கொண்டிருந்தது. குதிரைகளை இறக்கித்தான் ஆகவேண்டும். சம்பந்தியம்மா முன்கதவு வழியாகப் போய் சீமாட்டியின் கயிற்றை அவிழ்த்து, பேசிக்கொண்டே அவளைப் பின்னோக்கி நடத்திக் கீழே கொண்டுவந்தார். என்ன பேசினார் என்று யாருக்கும் கேட்கவில்லை. பொடியன் வெளியே வந்ததும் கண்ணில் பட்ட முதல் பொருளாகத் தண்ணீர்க் குழாயைக் கவ்வினான். கழுவுகிற இடத்து ஆட்களுக்கு அன்றைக்கு வேலை மந்தம். கார் கழுவிக் கழுவிச் சலித்தவர்கள் குதிரையைக் கண்டதும் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி ஆனார்கள். வேகத்தைக் குறைத்துத் தூறலாகத் தண்ணீர் விட்டார்கள். சீமாட்டி கண்ணை மூடி முகத்தைத் தூக்கிக் காட்டினாள். முதுகைக் காட்டினாள். பிறகு திரும்பி மறுபக்கத்தையும் காட்டினாள். பொடியன் குழாயை விடுவதாக இல்லை. அவன் தலையை ஆட்டிய ஒரு ஆட்டலில் குழாய் பிய்த்துக்கொண்டு சுழன்று, சம்பந்தியம்மாவைத் தலையிலிருந்து கால்வரை நனைத்துவிட்டது.

எல்லாரும் நின்றுவிட்டார்கள். டிரைவர் மாமா இடி விழக் காத்திருந்தார். சம்பந்தியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கத் துணி தேடினார், நனையாத துணி என்று உடம்பில் ஒரு நூல் இல்லை. அதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். நிறுத்துவார் நிறுத்துவார் என்று பார்த்தால், பொடியனைத் திரும்பிப் பார்த்து மறுபடியும் ஆரம்பித்தார். டிரைவர் மாமாவும் சிரித்தார். கழுவுகிறவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் டிரைவர் மாமாவுக்கு மனசுக்குள் ஏதோ ஒரு நட்டு கழன்று, இத்தனை நாள் இறுகிக்கிடந்தது தளர்ந்தது.

வீட்டுக்குத் தகவல் சொல்லலாமா என்று அவர் கேட்டபோது சம்பந்தியம்மா தலையசைத்து மறுத்துவிட்டார். சொன்னால் மகள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். இங்கிருந்து மைதானம் என்ன தூரமா, கடைவீதியைத் தாண்டிப் பாலத்தைக் கடந்தால் வந்துவிடும்.

"நடத்தியே கூட்டிட்டுப் போயிடலாம், சம்பந்தி. இவளை நான் பார்த்துக்கிறேன். நீங்க அந்தப் பொறுக்கியைப் பிடிங்க."

டிரைவர் மாமா பொடியனையும் தன் சட்டைப் பொத்தான்களையும் மாறி மாறிப் பார்த்தார். கடைவீதியில் பேருந்தை ஓட்டுவது வேறு, பொத்தான் தின்கிற குதிரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடப்பது வேறு. ஆனால் சம்பந்தியம்மா அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். நனைந்த சாம்பல் முதுகு வெயிலில் வெள்ளிப் பாத்திரமாக மின்ன, சீமாட்டி அவர் பக்கத்தில் அளந்து அளந்து அடிவைத்தாள்.

அந்த வீதியில் டிரைவர் மாமா காலமெல்லாம் போய்வந்திருக்கிறார், ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் உயரத்தில் உட்கார்ந்து. வழியை மறிக்கிறவர்களாகவும் திடீரென்று குறுக்கே பாய்கிறவர்களாகவும் மட்டுமே அவருக்கு அந்த ஜனங்களைத் தெரியும். இப்போது அவர்கள் கடைகளை விட்டு வெளியே வந்து நின்றார்கள். முடிதிருத்தும் கடையிலிருந்து பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் கழுத்துத்துணியுடன் ஓடிவந்தார். காய்கறிக்காரம்மா ஒரு பிடி கேரட்டைத் தழையோடு நீட்டினார். துணிக்கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்ட பொடியன், இவ்வளவு அழகான குதிரையை விட்டு வர மாட்டேன் என்று நின்றுவிட்டான். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு போர்வையைத் தூக்கிக் கண்ணாடியை மறைத்தபிறகுதான் அவனை அங்கிருந்து பெயர்க்க முடிந்தது. குழந்தைகள் கையசைத்தார்கள். டிரைவர் மாமா முதலில் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் கையசைத்தார். பேருந்து ஓட்டிய காலத்தில் ஒருவரும் அவருக்குக் கையசைத்ததில்லை. நிறுத்தச் சொல்லிக் கைகாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சிவப்பு விளக்கில் நின்றார்கள். சீமாட்டி கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒழுங்காக நின்றாள். மோட்டார் சைக்கிள்கள்தான் கோட்டைத் தாண்டி நின்றன. பக்கத்தில் வந்து நின்ற பேருந்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. டிரைவர் மாமாவிடம் தொழில் பழகி, பிறகு அதே தடத்தில் ஓட்டுகிறவர்.

"என்ன அண்ணே, வண்டியை மாத்திட்டீங்களா?"

"ஆமாப்பா. டீசல் கட்டுப்படியாகல."

பேருந்தே சிரித்தது. விளக்குப் பச்சையானபோது அந்த டிரைவர் பேருந்தை எடுக்காமல், கையை நீட்டிக் குதிரைகளை முன்னால் போகச் சொன்னார். பின்னால் இருந்த அத்தனை வண்டிகளும் காத்திருந்தன.

மருந்துக்கடை வாசலில் வேலைக்கார இளைஞன் கையில் பொட்டலத்தோடு சிலையாக நின்றான். முதலாளியம்மா தலை நனைந்து, ஒரு செருப்பு அறுந்து, இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பேருந்து உயரக் குதிரையோடு வருவதை அவன் எந்தக் கணக்கில் சேர்ப்பான். கடையில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் பழக்கத்தில் இருமல் மருந்தைப் பற்றிக் கேட்டுவிட்டார். சம்பந்தியம்மா நடையை நிறுத்தாமல், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மூடி, குளிர்ந்த தண்ணீர் குடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் சீமாட்டியும் அந்த மனிதரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

மைதானத்தில் மருமகள் நடுவில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மகன் கட்டுப்போட்ட காலை ஒரு பீப்பாயின் மேல் நீட்டிக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்திருந்தான். ஜீப்பின் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் குளம்புச் சத்தம் கேட்டது. மருமகள் திரும்பினாள். வாசலில் அம்மா நின்றார். வெறுங்காலோடு, புழுதியோடு, கூந்தல் கலைந்து. சீமாட்டி தன் தாடையை அம்மாவின் தோளில் வைத்திருந்தாள். அம்மா அதைத் தள்ளிவிடவில்லை.

அம்மா இந்த வாசலைத் தாண்டி வர வேண்டும் என்று அவள் எத்தனை நாள் ஏங்கியிருப்பாள் என்பது டிரைவர் மாமாவுக்கு அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாமல் அவள் வேகமாக வந்து கயிற்றுக்குக் கையை நீட்டினாள். சம்பந்தியம்மா கொடுக்கவில்லை.

"இரு, இரு. இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தவளுக்குக் கட்டத் தெரியாதா? இவளுக்கு எந்த இடம், அதைச் சொல்லு."

இடத்தைக் காட்டினார்கள். சம்பந்தியம்மா உள்ளே போய் முதலில் வாளியைப் பார்த்தார். இந்த வாளியை யார் கழுவுவது என்று கேட்டார். மகன் சுவரைப் பார்த்தான். அடுத்து அவர் கண் மருந்து அலமாரியின் மேல் விழுந்தது. ஒவ்வொரு புட்டியாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, காலம் தாண்டியதை ஒரு பக்கமும் தாண்டாததை ஒரு பக்கமும் வைத்தார். தாண்டிய பக்கம் குவிந்துகொண்டே போனது. மருந்தாளுநர் படிப்புப் படித்த மகள் வைத்திருக்கிற அலமாரியா இது என்று அவர் ஆரம்பித்தபோது, மருமகள் வசையை வாங்கிக்கொண்டே வாயெல்லாம் பல்லாக நின்றாள். இனி வாராவாரம் தானே வந்து பார்ப்பதாகச் சொல்லி அவர் முடித்தார். அது மிரட்டல் என்று நினைத்துத்தான் சொன்னார்.

அந்த நாளுக்குப் பின் அவர் ஒரு வாரமும் தவறியதில்லை. குழந்தை பிறந்து, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டும் வந்தார். லாயக்காரரும் சொன்னபடியே அடுத்த வாரம் வந்து, சீமாட்டியை விட வாளி சுத்தமாக இருப்பதைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டுப் போனார்.

குதிரைகளைக் கூட்டிவந்த அன்றைக்குச் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் டிரைவர் மாமா ஜீப்பையும் டிரெய்லரையும் எடுத்துவரக் கிளம்பினார். பேருந்தில் போய் இறங்கி ஓட்டி வர வேண்டியதுதான். சம்பந்தியம்மா மகளுடைய செருப்பை மாட்டிக்கொண்டு, தானும் வருகிறேன் என்றார். அந்த ஆளுக்குப் பின்னால் நின்று கைகாட்ட ஒருவர் வேண்டாமா என்று மகளிடம் காரணம் சொன்னார். இந்தமுறை இடது எது வலது எது என்று வழியிலேயே பேசி முடிவு செய்துகொள்ளலாமாம்.

பேருந்தில் கூட்டம் இருந்தது. சம்பந்தியம்மாவுக்குச் சன்னலோரம் இடம் கிடைத்தது, பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி. டிரைவர் மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டு போவது அவருக்குப் புது அனுபவம். வண்டி நகர்ந்ததும் சம்பந்தியம்மா அந்தப் பெண்மணியிடம், "நாங்க இன்னைக்கு ரெண்டு குதிரை கூட்டிட்டு வந்தோம்" என்று ஆரம்பித்துவிட்டார். அடுத்த நிறுத்தத்துக்குள் சீமாட்டி இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தாள். அதற்கடுத்த நிறுத்தத்தில் டயர் வெடித்த சத்தம் ஊரெல்லாம் கேட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். அந்தக் கதையில் ஒரு டிரைவரும் வந்தார். வண்டி ஓட்டினால் தொட்டிலில் வைத்த பிள்ளை விழிக்காதாம், அப்படிப்பட்ட டிரைவராம், தனக்குச் சம்பந்தி முறையாம். ரிவர்ஸ் எடுத்த இடத்தைச் சம்பந்தியம்மா சொல்லாமலே விட்டுவிட்டார்.

டிரைவர் மாமா அதைத் திருத்தப் போகவில்லை. கம்பியை இன்னும் கொஞ்சம் உயரப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.